சி.என்.சி. மில்லிங்கிற்கு மென்பொருள் தேர்வு: இலவசமும் கட்டற்றதும்

கணினியால் இயங்கும் மில்லிங் எந்திரத்தில் ஒரு பாகம் உருவாவதற்கு முன் மூன்று வேலைகள் நடக்கின்றன. முதலில் பாகத்தைக் கணினியில் முப்பரிமாணத்தில் வரைகிறோம்; இது கேட். அடுத்து, வெட்டுக்கருவி எந்த வழியில், எவ்வளவு ஆழத்தில், என்ன வேகத்தில் செல்ல வேண்டும் என்று வகுக்கிறோம், இது கேம். மூன்றாவதாக, அந்த வழியை எந்திரம் ஏற்கும் ஜி-கோடு வரிகளாக மாற்றுகிறோம். இதைச் செய்யும் சிறு நிரல் போஸ்ட் பிராசசர் எனப்படும்.

மென்பொருள்களை ஒப்பிடும் கட்டுரைகள் பலவும் முதல் வேலையைப் பற்றியே பேசுகின்றன. திரை அழகாக உள்ளதா, கற்பது எளிதா, விலை உண்டா என்பவையே அவற்றின் கேள்விகள். இவை தேவைதான், ஆனால் போதாது. செய்த வேலை நாளையும் நம் கையில் இருக்குமா என்பதே முதலில் கேட்க வேண்டிய கேள்வி. இதற்கு ஃபியூஷன் 360, ஃப்ரீகேட் ஆகிய இரண்டும் நல்ல எடுத்துக்காட்டுகள்.

ஃபியூஷன் 360

ஆட்டோடெஸ்க் நிறுவனத்தின் இம்மென்பொருளில் கேட், கேம் இரண்டும் ஒரே இடத்தில் உள்ளன. இதன் கேம் பகுதி, அந்நிறுவனம் 2012-இல் வாங்கிய எச்.எஸ்.எம்.வொர்க்ஸ் என்னும் டென்மார்க் நிறுவனத்தின் தொழில்நுட்பத்திலிருந்து வளர்ந்தது. கருவிப்பாதை வகுப்பதில் இது மிகவும் தேர்ந்தது என்பதில் ஐயமில்லை. வணிகம் சாராத தனிப்பட்ட பயன்பாட்டுக்கு இது இலவசமாகக் கிடைத்ததால் உலகெங்கும் வீட்டுப் பட்டறைக்காரர்கள் இதை நம்பிக் கற்றனர்.

2020 அக்டோபரில் அந்த இலவச உரிமத்தின் விதிகள் மாறின. ஒரே நேரத்தில் திருத்தக்கூடிய கோப்புகள் 10 என வரையறுக்கப்பட்டன. நான்காம், ஐந்தாம் அச்சு வேலைகளும் தானாகக் கருவி மாற்றும் வசதியும் நீக்கப்பட்டன. விரைவு நகர்வும் போயிற்று. அதாவது, கருவி எதையும் வெட்டாமல் காற்றில் இடம் மாறும்போதும் வெட்டும் வேகத்திலேயே ஊர்ந்து செல்ல வேண்டும்.

இதன் விளைவை ஒரு கணக்கால் அறியலாம். ஒரு பாகத்தில் 200 வெற்று நகர்வுகள், ஒவ்வொன்றும் 150 மி.மீ. என்று கொள்வோம். மொத்தம் 30,000 மி.மீ. நிமிடத்துக்கு 5,000 மி.மீ. வேகத்தில் இதற்கு 6 நிமிடம் ஆகும். நிமிடத்துக்கு 1,000 மி.மீ. வெட்டு வேகத்தில் 30 நிமிடம் ஆகும். எந்திரமும் பாகமும் அவையே. உரிமம் மட்டும் மாறியதால் 24 நிமிடம் வீணாகிறது.

ஸ்டெப் கோப்பாக ஏற்றுமதி செய்யும் வசதியையும் நீக்குவதாக முதலில் அறிவித்தனர். பயனர்களின் எதிர்ப்புக்குப் பின் அதைத் திரும்பத் தந்தனர். நிறுவனத்தைக் குறை சொல்லிப் பயனில்லை. தன் பொருளுக்கு விதி வகுக்க அதற்கு உரிமை உண்டு. அந்த உரிமை நம்மிடம் இல்லை என்பதை மறந்ததே பயனர்களின் சிக்கல்.

ஆங்கிலத்தில் 'ஃப்ரீ' என்ற ஒரே சொல் இரு பொருள் தருகிறது. தமிழில் இலவசம் வேறு, கட்டற்றது வேறு. இலவசம் என்பது விலை பற்றியது, கொடுத்தவர் நிறுத்தலாம். கட்டற்றது என்பது உரிமை பற்றியது. பெற்றவரிடமிருந்து பறிக்க இயலாது.

ஃப்ரீகேட்

ஃப்ரீகேட் இரண்டாம் வகையைச் சேர்ந்தது. மூல நிரல் திறந்திருக்கிறது. கோப்புகள் நம் கணினியிலேயே இருக்கின்றன. வணிகப் பயன்பாட்டுக்கும் தடையில்லை. ஆனால் கட்டற்றது என்பதாலேயே அதன் குறைகளை மறைக்கக் கூடாது. ஒரு முகத்தில் துளையிட்ட பின் முந்தைய வரைவைத் திருத்தினால், முகங்களின் உட்பெயர்கள் மாறி, துளை வேறிடத்துக்குத் தாவிவிடும் தொல்லை அதில் நெடுங்காலம் இருந்தது. 2024 நவம்பரில் வெளிவந்த 1.0 பதிப்பு இதைப் பெருமளவு தணித்தது. அதுவரை 'பாத்' எனப்பட்ட பகுதி 'கேம்' என்று பெயர் மாறியதும் அப்பதிப்பில்தான். மூன்று அச்சு எந்திரத்தில் பள்ளம், துளை, வெளிவிளிம்பு வெட்டும் வேலைகளுக்கு இது போதும். ஐந்து அச்சு வேலைக்கு இதை நம்பி இறங்குவது சரியன்று. அங்கே தக்க வணிக மென்பொருளை விலை கொடுத்து வாங்குவதே முறை.

கடைசிப் படியிலிருந்து தொடங்குக

எந்த மென்பொருளானாலும் போஸ்ட் பிராசசர் பொருந்தாவிட்டால் உழைப்பு வீண். துளையிடும் சுழற்சிக்கான ஜி81 கட்டளையை லினக்ஸ் சி.என்.சி. ஏற்கும். சிறு எந்திரங்களில் பரவலாக உள்ள ஜி.ஆர்.பி.எல். அதை ஏற்காமல் பிழை காட்டும். ஆகவே எந்திரத்தின் கட்டுப்பாட்டு மென்பொருளை முதலில் அறிந்து, அதற்குரிய போஸ்ட் உள்ளதா என்று பார்த்த பிறகே வரையும் மென்பொருளைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இந்த இரு மென்பொருள்களிலும் போஸ்ட் நிரலைத் திறந்து படிக்கவும் திருத்தவும் முடியும் என்பது நல்ல செய்தி.

கோப்பு வடிவத்திலும் கவனம் தேவை. எஸ்.டி.எல். கோப்பு வடிவத்தை வெறும் முக்கோணங்களாகவே சேமிக்கிறது. அதில் வட்டத் துளை பலகோணமாகிவிடும். விட்டத்தின் அளவு தொலைந்துபோகும். ஐ.எஸ்.ஓ. 10303 தரத்தின்படியான ஸ்டெப் கோப்பில் வட்டம் வட்டமாகவே இருக்கும்.

மாணவர்களுக்கு

தகுதியுள்ள மாணவர்களுக்கு ஃபியூஷனின் கல்வி உரிமம் மேற்சொன்ன தடைகள் இன்றிக் கிடைக்கிறது. அதைப் பயன்படுத்திக் கற்பதில் தவறில்லை. ஆனால் அந்த உரிமம் படிப்போடு முடிந்துவிடும். ஐ.டி.ஐ.யிலும் பாலிடெக்னிக்கிலும் படித்துவிட்டுக் கோவையிலோ ஓசூரிலோ சிறு பட்டறை தொடங்கும் இளைஞருக்கு அதன் பிறகு என்ன மிஞ்சும் என்பதே இங்கு உள்ள கேள்வி. ஒவ்வொரு வரைவையும் ஸ்டெப் கோப்பாகவும் சேமித்து வையுங்கள். ஒரு பாகத்தையாவது ஃப்ரீகேட்டில் தொடக்கம் முதல் ஜி-கோடு வரை செய்து பாருங்கள். வெளிவரும் ஜி-கோட்டை வரிவரியாகப் படிக்கப் பழகுங்கள். பொத்தான்கள் பதிப்புக்குப் பதிப்பு இடம் மாறும். ஜி00 என்றால் விரைவு நகர்வு, ஜி01 என்றால் நேர்கோட்டில் வெட்டு என்ற அறிவை எந்த உரிம மாற்றமும் பறிக்காது.