தந்தைவழிச் சான்றுகளின் தரவரிசை: ஹெமிங்ஸ் குடும்பத்தை முன்வைத்து

தந்தைவழி முன்னோரைக் கண்டறிய ஒய் குரோமோசோம் சோதனையும் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு ஏடுகளும் இன்று ஒருங்கே பயன்படுத்தப்படுகின்றன. சோதனையை இறுதித் தீர்ப்பாகவும், ஏட்டைத் துணைச்சான்றாகவும், குடும்பத்தார் கூற்றைச் செவிவழிச் செய்தியாகவும் வரிசைப்படுத்துவது வழக்கமாகிவிட்டது. அமெரிக்காவின் மூன்றாம் குடியரசுத் தலைவர் தாமஸ் ஜெபர்சனின் மாண்டிசெல்லோ பண்ணையில் அடிமையாக வாழ்ந்தவர் சாலி ஹெமிங்ஸ். அவருடைய பிள்ளைகளின் தந்தை யார் என்ற விவாதம் இத்தரவரிசையை ஐயுற வைக்கிறது.

சாலியின் மகன் மேடிசன் ஹெமிங்ஸ், 1873இல் ஒஹையோ மாநில இதழொன்றில் தம் வரலாற்றைக் கூறினார். தாமும் உடன்பிறந்தார் மூவரும் ஜெபர்சனின் மக்கள் என்பதும், பாரிசிலிருந்து திரும்பியபின் தாய்க்குப் பிறந்த முதற்குழந்தை சில காலமே வாழ்ந்தது என்பதும் அவர் கூற்று. வரலாற்றாசிரியர் பலர் இதனை ஏற்கவில்லை. மாறாக, ஜெபர்சனின் பேரப்பிள்ளைகள் கூறியதை ஏற்றனர். அவர்களுள் பேரன் பீட்டர் கார் என்றார். பேத்தி சாமுவேல் கார் என்றார். இவ்விருவரும் ஜெபர்சனின் சகோதரி மக்கள். ஒன்றோடொன்று முரண்பட்ட இரு வாய்மொழிகள் சான்றாகவும், முரணற்ற ஒரு வாய்மொழி வதந்தியாகவும் கொள்ளப்பட்ட இந்நிலையை அனெட் கார்டன்-ரீட் 1997இல் தம் நூலில் விரிவாக எடுத்துக்காட்டினார். அப்போது மரபணுச் சோதனை முடிவு வெளிவந்திருக்கவில்லை என்பது நினைவிற்கொள்ளத்தக்கது.

1998 நவம்பரில் யூஜின் பாஸ்டர் குழுவினரின் ஆய்வு ‘நேச்சர்’ இதழில் வெளிவந்தது. ஜெபர்சனின் ஆண்வழி மரபு அவருடைய மனைவிவழியே தொடரவில்லை. ஆகவே, அவருடைய பெரிய தந்தை பீல்டு ஜெபர்சனின் ஆண்வழியினர் ஐவர் ஒப்பீட்டுக்குக் கொள்ளப்பட்டனர். சாலியின் இளைய மகன் எஸ்டனின் ஆண்வழியினர் ஒருவருடைய குரோமோசோம் அவர்களுடையதோடு பொருந்தியது. கார் குடும்பத்தாரோடு அது பொருந்தவில்லை. தம் மூதாதையே சாலியின் முதல் மகன் என்று நம்பிவந்த உட்சன் குடும்பத்தாருடைய குரோமோசோம் ஜெபர்சன் மரபோடு பொருந்தவில்லை.

கட்டுரைக்கு இடப்பட்ட தலைப்பு, தந்தை ஜெபர்சனே என்று அறுதியிட்டது. சோதனை அவ்வளவு கூறவில்லை. எஸ்டனின் தந்தை ஜெபர்சன் மரபைச் சேர்ந்த ஓர் ஆண் என்பதே அதன் முடிவு. 1999 சனவரியில் ஆய்வாளர்களே இவ்வரம்பைத் தெளிவுபடுத்தினர். இவ்வரம்பைப் பற்றிக்கொண்டு, அதுவரை விவாதத்தில் பெரிதும் பேசப்படாத ஜெபர்சனின் தம்பி ராண்டால்பை முன்னிறுத்துவோரும் தோன்றினர். பழைய மறுப்பு பொய்த்ததும் புதிய மறுப்பு தேடப்பட்டது என்றே இதனைக் கொள்ள வேண்டியுள்ளது.

சோதனை உறுதிப்படுத்திய முடிவுகளை மேடிசன் கூற்றோடு ஒப்பிடுதல் வேண்டும். கார் குடும்பத்தார் விலக்கப்பட்டதும், எஸ்டன் பொருந்தியதும், உட்சன் மரபு பொருந்தாததும் அக்கூற்றுக்கு இயைந்தவை. உட்சன் குடும்ப வாய்மொழி தவறியது. ஆகவே வாய்மொழி யாவும் ஒருதரத்தன அல்ல. 125 ஆண்டுகள் ஒதுக்கப்பட்டதோ மூன்றிலும் பிழைபடாத கூற்று.

கணக்கெடுப்பு ஏடுகளும் எளிதில் படிக்கத்தக்கவை அல்ல. 1850, 1860 ஆம் ஆண்டுகளின் அடிமைப் பட்டியல்களில் அடிமைகள் பொதுவாகப் பெயரின்றி, உடையவர் பெயரின்கீழ் வயது, பால், நிறம் ஆகியவற்றால் மட்டுமே குறிக்கப்பட்டனர். ஹெமிங்ஸ் குடும்பத்தார் முன்பே விடுதலை பெற்றதால் பெயரோடு பதிவாயினர். ஆயினும் இனம் நிலைபெறவில்லை: 1830இல் வெள்ளையராகப் பதிவான சாலி 1833இன் தனிக் கணக்கெடுப்பில் கலப்பினத்தவர், 1850இல் ஒஹையோவில் கலப்பினத்தவரான எஸ்டன், விஸ்கான்சினுக்குக் குடிபெயர்ந்தபின் ஜெபர்சன் என்ற குடும்பப்பெயரோடு வெள்ளையர். ஏடு காட்டுவது குருதியை அன்று, கணக்கெடுத்தவர் கண்டதையும் கேட்டதையுமே. 1870இல் மேடிசன் பெயரருகே, இவர் தாமஸ் ஜெபர்சனின் மகன் என்று கணக்கெடுப்பாளர் எழுதிவைத்தார். படிவத்தில் அதற்கென இடமில்லை. இது தனிச்சான்றாகாமல் ஊர்ப்பேச்சின் எழுத்துவடிவமாக இருக்கலாம். எனினும் 1873ஆம் ஆண்டின் வரலாற்றுக்கு அது முற்பட்டது.

ஒய் குரோமோசோம் தந்தையிடமிருந்து மகனுக்கு மட்டுமே செல்வதால் மகள் ஹாரியட்டின் கால்வழி இச்சோதனைக்கு எட்டாது. ஹாரியட்டும் அண்ணன் பெவர்லியும் வெள்ளையராகவே வாழச் சென்றமையால் அவர்தம் வழியினர் ஏடுகளிலும் அடையாளம் காணப்படவில்லை. மேடிசனின் ஆண்வழி இன்று தொடரவில்லை. அவருடைய மகன் வில்லியமின் கல்லறை கான்சாஸில் உள்ளது; அதனைத் தோண்டிச் சோதிக்கக் குடும்பத்தார் இசையவில்லை.