பந்தை விடாதவருக்கு என்ன விலை?

அமெரிக்கக் கால்பந்தில் ஓர் இளம் குவார்ட்டர்பேக்கை, அதாவது தாக்குதலை வழிநடத்திப் பந்தை வீசும் ஆட்டக்காரரை, கல்லூரி ஆட்டக்காரர்களை அணிகள் சுற்று வாரியாகத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டின் உரிமைகளைக் கொடுத்து வாங்கலாமா என்ற விவாதம் ஆண்டுதோறும் எழுந்தாலும், கைமாறும் உரிமைகளை எண்ணுவதோடு அது நின்றுவிடுகிறது. வாங்கப்படுபவர் களத்தில் எடுக்கும் முடிவைச் சரியாகப் படிப்பவர் குறைவு.

முதல் சுற்றில் தேர்வாகி, மூன்று பருவங்கள் ஆடிய பின், புதிய பயிற்சியாளரின் குறுவீச்சு முறைக்குப் பொருந்தாததால் விற்பனைக்கு வரும் ஓர் இளைஞரைக் கருதலாம். தொலைவில் ஓடும் கூட்டாளி காவலிலிருந்து விடுபடும் வரை அவர் பந்தை வைத்திருப்பதால், பந்தோடு வீழ்த்தப்படும் 'சாக்' அவருக்கு அதிகம் நேர்கிறது. விமர்சகர்கள் இதைத் தயக்கம் என்கின்றனர். ஆனால் சாக்கினால் சில யார்டுகள் போனாலும் பந்து பெரும்பாலும் அணியிடமே தங்குகிறது. அவசர வீச்சை எதிரணி இடைமறித்தால் பந்தே போய்விடுகிறது. பத்து யார்டு முன்னேறக் கிடைக்கும் நான்கு முயற்சிகளுள் மூன்றாவதில், எட்டு யார்டு தேவைப்படும்போது மூன்று யார்டுக்கு வீசுபவரின் வெற்றிகரமான வீச்சுகளின் விழுக்காடு உயரும், அணி முன்னேறாது.

விலைக்கு வருவோமாயின், 2011ஆம் ஆண்டு ஆட்டக்காரர் சங்க ஒப்பந்தம் புதுமுகங்களின் ஊதியத்தை வரையறுத்ததால், முதல் சுற்றில் தேர்வானவரை நான்கு ஆண்டுகளும், அணி விரும்பினால் ஐந்தாம் ஆண்டும், சந்தை விலைக்குக் கீழே வைத்துக்கொள்ள முடிகிறது. மூன்று பருவம் ஆடியவரிடம் அந்தச் சலுகையில் பெரும்பகுதி தீர்ந்துவிட்டது என்பது நியாயமான எதிர்வாதமே. ஆயினும் அணிகள் தம் கணிப்பை மிகையாக நம்பி உயர்ந்த தேர்வுகளுக்கு அதிக விலை கொடுக்கின்றன என்று ஆய்வாளர்கள் கேட் மாஸே, ரிச்சர்ட் தேலர் ஆகியோர் 2013இல் வெளியான ஆய்வில் காட்டியது, இன்னும் ஆடாத கல்லூரி மாணவருக்காக டிராஃப்ட் வரிசையில் முன்னேறும் அணிகளையே முதலில் எச்சரிக்கிறது. தொழில்முறைக் களத்தில் மூன்று பருவம் கண்ணெதிரே ஆடியவரிடம் அந்த ஐயம் பெரிதும் குறைந்திருக்கிறது.

ஆகவே உறுதியான தடுப்பு வரிசையும் தொலைவீச்சுத் திட்டமும் உள்ள அணி, ஒரு முதல் சுற்று உரிமையையும் ஓர் இரண்டாம் சுற்று உரிமையையும் தயங்காமல் கொடுக்கலாம். மூன்று முதல் சுற்று உரிமைகளைக் கொடுத்தால், அவரைக் காக்கவேண்டிய இளம் தடுப்பாளர்களையே அது விற்றுவிடும்.

பந்தைப் பிடித்திருக்கும் பழக்கம் அணி மாறினாலும் அவருடன் செல்லும் என்பதால், முதல் வாரங்களில் சாக்குகளும் கண்டனங்களும் குவியும். நவம்பருக்குள் தொலைவீச்சுக்கு அஞ்சி எதிரணிக் காவலர்கள் பின்வாங்குவர். அணியின் ஓட்டக்காரர்களுக்கு வழி திறக்கும். முந்தைய பருவத்தில் தோற்றவர்க்கே டிராஃப்டில் முதலிடம் என்பதால், அந்த அணி வெல்ல வெல்ல, அது கொடுத்த அடுத்த ஆண்டு உரிமை சுற்றின் கடைசிக்குச் சரியும். இன்று மிகையாகத் தோன்றும் விலையை அவரே தம் ஆட்டத்தால் குறைத்துவிடுவார்.