மீமுக்குள் அடங்காத சம்பளம்

தோட்டச் சம்பளத்தை வெளியாளுக்கு விளக்குவது எளிதல்ல. 2016 ஒக்டோபரில் கைச்சாத்தான கூட்டு ஒப்பந்தத்தின் நாட்சம்பளமான 730 ரூபாவையே எடுத்துக்கொள்வோம்: அடிப்படை 500, உற்பத்தித்திறனுக்கு 140, வரவுக்கு 60, விலைப்பங்கு 30. இதில் எது எத்தனை நாளுக்குக் கிடைத்தது என்பது சப்ரகமுவையின் பெல்மதுளைப் பக்கத்தில் கொழுந்து பறிக்கும் பெண்ணுக்கே சம்பள நாளில்தான் தெரியும். கொழும்பில் கடையில் வேலை செய்யும் அவர் மகன், தோட்டத்தையே காணாத நண்பனுக்கு இதை எப்படிச் சொல்வான்? "ஆயிரம் ரூபா" என்று சொன்னான். கூடை சுமந்த ஒரு பெண்ணின் படம், அதன்மேல் ஒரு வரி, அவ்வளவுதான் அந்த மீம்.

அந்தச் சுருக்கம் பெரிய காரியம் செய்தது. 2018 ஒக்டோபர் 24 அன்று மலையக இளைஞர்கள் நாட்சம்பளமாக ஆயிரம் ரூபா கேட்டுக் கறுப்பு உடையில் காலிமுகத்திடலில் திரண்டார்கள். அழைப்பு சமூக ஊடகங்களில் பரவியது. சம்பளக் கூறுகளை விளக்கும் துண்டுப்பிரசுரம் அத்தனை பேரை அங்கே கொண்டுவந்திருக்காது. தலைமுறை தலைமுறையாக லயத்துக்குள் பேசித் தீர்ந்த ஒரு குறை, தலைநகரின் நடுவில் எல்லோருக்கும் விளங்கும் கோரிக்கையாக நின்றது. இதைக் குறைத்து மதிப்பிடுபவர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

மீமுக்கு இன்னொரு பலமும் உண்டு. துரையையோ தொழிற்சங்கத் தலைவரையோ நேருக்கு நேர் கேள்வி கேட்டால் வேலையிலும் வீட்டிலும் விளைவு இருக்கும் என்று அஞ்சுகிறவர், வடிவேலுவின் ஒரு முகபாவத்தை அனுப்பிவிடலாம். 2019 மே மாதத்தில் 'ப்ரண்ட்ஸ்' படத்தில் வடிவேலு நடித்த நேசமணிக்காக டுவிட்டரே பிரார்த்தித்தபோது, யார் இந்த நேசமணி என்று வெளியுலகம் திகைத்தது. தமிழருக்கு விளக்கமே தேவைப்படவில்லை. பார்ப்பவரின் நினைவில் ஏற்கெனவே கிடப்பதைத் தொட்டு எழுப்புவதால்தான் மீம் இவ்வளவு சிறிதாக இருக்க முடிகிறது.

சிக்கலும் இங்கேதான் தொடங்குகிறது. வடிவேலுவின் காட்சி எல்லோர் நினைவிலும் இருக்கிறது. தோட்டச் சம்பளம் அப்படி இல்லை.

தோட்டத்துப் பேச்சிலும் சுருக்கம் பழையதே. "இன்றைக்கு அரைப்பேர்தான்" என்று ஒரு பெண் சொன்னால், மடுவத்தில் நிறுத்த கொழுந்து போதவில்லை, முழுநாள் நின்றும் பாதிச் சம்பளம்தான் என்பதெல்லாம் பக்கத்து நிரையில் நிற்பவளுக்கு உடனே விளங்கும். சொல்பவரும் கேட்பவரும் அதே தராசில் கொழுந்து போட்டவர்கள். "ஆயிரம் ரூபா" மீமைப் பகிர்ந்தவர்களில் பலர் அந்தத் தராசைக் கண்டதில்லை. அவர்களுக்கு எண் மட்டுமே போய்ச் சேர்ந்தது. எத்தனை கிலோவுக்கு, மாதத்தில் எத்தனை நாளுக்கு என்ற கேள்விகள் வழியிலேயே உதிர்ந்தன.

2021 மார்ச்சில் சம்பள நிர்ணய சபை வழியாக 900 ரூபாவும் வரவுசெலவுத் திட்டக் கொடுப்பனவு 100 ரூபாவுமாக அந்த ஆயிரம் வர்த்தமானியில் வந்தது. படங்கள் வெற்றி என்றன. கம்பனிகளோ கூட்டு ஒப்பந்தத்தைவிட்டு வெளியேறின; பல தோட்டங்களில் பறிக்க வேண்டிய கிலோ கூடியது, வேலை நாள் குறைந்தது. ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 2019 ஒப்பந்தத்தின் 750 ரூபாவுக்கு 25 நாள் வேலை செய்தால் 18,750. ஆயிரம் ரூபாவுக்கு 18 நாள்தான் பேர் கிடைத்தால் 18,000. மீம் வென்ற மாதத்தில் வீட்டுக்கு வந்த காசு குறைந்திருக்கலாம். 2024இல் "1700" என்ற எண்ணும் அதே வேகத்தில் கொண்டாடப்பட்டது. ஜூலையில் உயர் நீதிமன்றம் அந்தச் சம்பள உயர்வுக்கு இடைக்காலத் தடை விதித்தது, செப்டெம்பரில் 1,350தான் அடிப்படைச் சம்பளமாக அறிவிக்கப்பட்டது.

சப்ரகமுவைக்கு இதைவிடக் கூர்மையான இழப்பு ஒன்றும் உண்டு. மீமில் வருவது எப்போதும் நுவரெலியாவின் தேயிலைச் சரிவு. பெல்மதுளை, இரத்தினபுரி, கேகாலைப் பக்கங்களில் தேயிலையோடு இறப்பரும் இருக்கிறது. விடியற்காலையில் பால் வெட்டப் போகும் தொழிலாளியை அந்தப் படத்தில் தேடினாலும் கிடைக்காது. மரம் நனைந்தால் பால் வெட்ட முடியாது. நாட்டிலேயே அதிகம் மழை பெறும் பகுதிகளில் இதுவும் ஒன்று. எந்த நாட்சம்பள எண்ணைப் போட்டாலும் மழை நாளில் பால் வெட்டு உண்டா, இல்லையேல் மாற்று வேலை உண்டா என்பதே இங்கே முதல் கேள்வி. அதற்கு ஒரு மீமையும் நான் கண்டதில்லை. சிங்களக் கிராமங்களுக்கு நடுவே சிதறி வாழும் சிறு எண்ணிக்கைத் தமிழரை மறப்பது அரசியல் மட்டுமல்ல. நம் பிள்ளைகள் செய்யும் படங்களும் மறக்கின்றன.

இதனால் மீமை விட்டுவிடச் சொல்லவில்லை. சுருக்கும்போது எதைக் கைவிடுவது என்று தெரிவுசெய்யும் உரிமை தோட்டத்துப் பிள்ளைகளிடமே இருக்கிறது. பெயரை மறைத்த ஒரு சம்பளத் துண்டின் படத்தைப் போடலாம்: வேலை கிடைத்த நாள், சேமலாப நிதிக்குப் போன 8 வீதம், முற்பணம், சந்தா, கடைசியில் கைக்கு வந்த தொகை. அதையும் ஒரே பார்வையில் வாசிக்கலாம். மேலே வடிவேலுவின் முகத்தை வைத்தால் பரவவும் செய்யும்.