அக்னிபத்: சம்பளத்தோடு ஒரு டிகிரி?

அக்கா மகன் பிளஸ் டூ முடிச்சிருக்கான். "அக்னிபத்ல சேர்ந்தா சம்பளமும் வரும், டிகிரியும் வரும் மாமா. நாலு வருஷம் பீஸ் கட்டிப் படிக்கிறதுக்கு இது பரவாயில்லல்ல?" என்றான். நியாயமான கேள்வி. 2022 ஜூனில் அறிவித்த விதிகளை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

முதலில் பணம். முதல் வருடம் மாதம் 30,000 ரூபாய், நாலாவது வருடம் 40,000. இதில் 30 சதவீதத்தை சேவா நிதிக்குப் பிடித்துக்கொள்கிறார்கள். அரசும் அதே அளவு போடுகிறது. வெளியே வரும்போது வட்டியோடு சுமார் 11.71 லட்சம், வரி கிடையாது. இதை அரசு தரும் பரிசு மாதிரிப் பேசுகிறார்கள். எக்செல்லில் போட்டுப் பார்த்தேன்: பையன் சம்பளத்தில் பிடித்தது மட்டும் 5.02 லட்சம். பாதி அவன் காசுதான். பென்ஷன், கிராஜுவிட்டி இல்லை. ஆனாலும் 22 வயசில் கடன் இல்லாமல் இவ்வளவு பணம் கையில் இருப்பதை நான் இளக்காரமாகச் சொல்ல மாட்டேன். கல்விக் கடனோடு வெளியே வந்த பையன்களை நிறையப் பார்த்திருக்கேன்.

இடிப்பது டிகிரி விஷயத்தில்தான். இக்னோ பட்டத்துக்கான கிரெடிட்டில் 50 சதவீதம் ராணுவப் பயிற்சியிலிருந்தே வந்துவிடும். மீதியை அஞ்சல் வழியில் படித்து எடுக்கணும். "ஏதாவது ஒரு பட்டம்" கேட்கும் தேர்வுகளுக்கு இது உதவும். இன்ஜினியரிங், நர்சிங் மாதிரி படிப்புக்கு ஈடாகாது. படிக்க நேரம் ஒதுக்கித் தருவதற்குப் பதிலாக, வேலை பார்த்த நேரத்தையே படிப்புன்னு எழுதிக்கொள்கிறார்கள்.

1944-ல் அமெரிக்கா கொண்டுவந்த ஜி.ஐ. பில்லோடு ஒப்பிட்டால் இது புரியும். போர் முடிந்து வந்தவனுக்கு வருடத்துக்கு 500 டாலர் வரை கல்லூரிக் கட்டணம், அதுபோக மாதாமாதம் சாப்பாட்டுச் செலவுக்குப் பணம். சுமார் 22 லட்சம் பேர் கல்லூரிக்குப் போனார்கள். (புனிதப்படுத்த வேண்டாம்: நிறவெறி கோலோச்சிய தென் மாநிலங்களில் கறுப்பினச் சிப்பாய்களுக்குப் பெரும்பாலான கல்லூரிகளின் கதவு திறக்கவில்லை.) கட்டணம் நேராகக் கல்லூரிக்குப் போனது. அதை எடுத்து வேறு எதற்கும் செலவு செய்ய முடியாது.

சேவா நிதி வங்கிக் கணக்குக்கு ரொக்கமாக வரும். நம்ம வீடுகளில் 11 லட்சம் ஒரு பையன் பெயரில் எத்தனை நாள் இருக்கும்?

நிரந்தரமாக எடுத்துக்கொள்வது அதிகபட்சம் 25 சதவீதம் பேரை. மற்றவர்களுக்கு முன்னாள் ராணுவத்தினர் என்ற அந்தஸ்துகூடக் கிடையாது. மத்திய ஆயுதக் காவல் படைகளில் 10 சதவீத ஒதுக்கீடு அறிவித்தார்கள், அதுவும் மறுபடி துப்பாக்கி பிடிக்கிற வேலைதான்.

"பட்டாளத்து வேலை பிடிச்சுப் போறேன்னா போடா. டிகிரிக்காகன்னா, வெளிய வந்தப்புறம் மூணு வருஷம் காலேஜ் போறதுக்கான பணத்தை இப்பவே அம்மாகிட்ட பேசி ஒதுக்கி வெச்சுட்டுப் போ" என்றேன். அக்கா பக்கத்தில்தான் இருந்தாள். "தங்கச்சி கல்யாணம் இருக்கேடா" என்றாள்.