முந்திரி என்றால் 1/320

முந்திரி என்றதும் உங்களுக்குப் பாயசம்தானே நினைவுக்கு வரும்? எனக்கு இப்போதெல்லாம் 1/320தான். பழைய தமிழ்க் கணக்கில் ஒன்றை முந்நூற்றிருபது கூறாக்கினால் ஒரு கூறு முந்திரி. இரண்டு முந்திரி அரைக்காணி. இரண்டு அரைக்காணி காணி, அதாவது 1/80. நான்கு காணி ஒரு மா, 1/20. காணி என்றால் நிலமும்தான். மா என்றால் மரம், மாவு, குதிரை, யானை! வாய்ப்பாட்டைப் பிரித்தால் தலை கிறுகிறுக்கும். அந்தக் கிறுகிறுப்புக்காகவே நான் திரும்பத் திரும்பப் பிரிக்கிறேன்.

மாகாணியை எடுங்கள். கேட்டால் மாகாணத்துக்குத் தங்கை மாதிரி இருக்கும். அது 1/16. ஏன் பதினாறு? துண்டுத்தாளில் போட்டுப் பாருங்கள். மா 4/80, காணி 1/80. கூட்டினால் 5/80, சுருக்கினால் 1/16! பெயருக்குள்ளேயே கூட்டல் ஒளிந்திருக்கிறது. விடை வந்ததும் உட்கார்ந்த இடத்திலேயே கைதட்டிவிட்டேன்.

தஞ்சைப் பக்கம் மா இன்னும் உயிரோடிருக்கிறது. மூணு மா நடவு என்றால் ஏறத்தாழ ஓர் ஏக்கர். இருபது மா சேர்ந்தால் ஒரு வேலி. ‘வேலிக்கு வேலி போட்டாச்சா?’ என்று அங்கே தாராளமாகக் கேட்கலாம்.

இன்னும் பொடியாக வேண்டுமா? முன்னால் ‘கீழ்’ போட்டால் போதும், எந்தப் பின்னமும் முந்நூற்றிருபதில் ஒன்றாகச் சிறுத்துவிடும். கீழரை 1/640. கீழ்முந்திரி 1/1,02,400! ராஜராஜன் காலத்துத் தஞ்சைக் கல்வெட்டுகளில் நில அளவை இப்படித்தான் முந்திரிகை, கீழ் என்று இறங்கி இறங்கி வெட்டியிருக்கிறார்கள். அளந்த புண்ணியவான் யாரோ, அவர் கைக்கு ஒரு கும்பிடு.

இத்தனைக்கும் மேலே காளமேகப் புலவர். காஞ்சி ஏகாம்பரநாதரை நினைக்கச் சொல்லும் வெண்பா ஒன்றில் முக்காலில் தொடங்கி அரை, கால், அரைக்கால், இருமா, மாகாணி, ஒரு மா, கீழரை என்று படியிறங்குகிறார். பொருளில் கணக்கே கிடையாது! முக்கால், கிழவனுக்குக் கோலோடு சேர்ந்து மூன்றாகும் கால். அரை, முன்தலை நரை. இருமா, இருமல். மாகாணி, சுடுகாடு. ஒரு மா, அந்தக் கோயில் மாமரமேதான். அடடா, மனுஷனுக்கு நாக்கா அது!

இந்தப் பின்னங்களுக்கான பழைய குறியீடுகளுக்கு 2019இல் யூனிகோடிலும் இடம் கிடைத்துவிட்டது. வரிசையில் முதலில் நிற்பது முந்திரி. எழுத்துருவை இறக்கிக்கொண்டேன், எங்கள் வீட்டுக் காய்கறிக் கணக்கு இனி மாகாணியில்தான்.