தத்துக்குப் போகும் வாத்துகள்

வசந்தம் வந்தால் அமெரிக்கத் தீவனக் கடைகளில் கூஸ் வாத்துக் குஞ்சுகள் விற்பனைக்கு வந்துவிடும். ஆசையாய் வாங்கிய குஞ்சு சில மாதங்களிலேயே ஊரைக் கூட்டும் குரலோடு பெரிய பறவையாக வளர்ந்து நிற்கும். சமாளிக்க முடியாதவர்கள் அதைப் பூங்காக் குளத்தில் விட்டுவிடுகிறார்கள். இறைச்சிக்காகத் தலைமுறை தலைமுறையாக எடை கூட்டி வளர்க்கப்பட்ட இனம் அது. காட்டு வாத்தைப் போல எழும்பிப் பறந்து தப்ப அதனால் முடியாது. நரிக்கும் நாய்க்கும் இரையாகிறது.

1986-இல் தோன்றிய ஃபார்ம் சாங்சுவரி போன்ற காப்பகங்கள் இத்தகைய பறவைகளை மீட்டு, தகுந்தவர்களுக்குத் தத்துக் கொடுக்கின்றன. ஒரு பறவை வெளியேறினால் அடுத்ததற்கு இடம் கிடைக்கிறது என்பது இதன் முதல் பலன். அதைவிடப் பெரியது, தத்தோடு வரும் நிபந்தனைகள். அறுக்கக் கூடாது, விற்கக் கூடாது, தனியாக வைக்கக் கூடாது, இரவில் கொட்டகையில் அடைக்க வேண்டும், தலையை முக்கும் அளவுக்குத் தண்ணீர் வேண்டும். எல்லாமே பறவையின் இயல்பறிந்து வகுத்தவை. தலையை முக்கினால்தான் அது கண்ணையும் மூக்கையும் கழுவிக்கொள்ள முடியும். இணையைப் பிரித்தால் வேலியோரம் நின்று கூவிக்கொண்டேயிருக்கலாம், தீவனத்தைத் தொடாமலும் இருக்கலாம்.

குறைகளும் சிறியவை அல்ல. தத்து விண்ணப்பம் பெரும்பாலும் வேலியையும் நிலத்தையும் அளக்கிறது, வருடங்களை அளப்பதில்லை. கூஸ் வாத்து இருபது ஆண்டுக்கு மேலும் வாழக்கூடியது. ஐம்பது வயதில் தத்தெடுப்பவருக்கு எழுபதில் யார் துணை? பாத வீக்கம் கண்டால் வைத்தியம் பார்க்கத் தெரிந்த கால்நடை மருத்துவர் அருகில் இருக்கிறாரா? கையெழுத்தான பிறகு போய்ப் பார்க்கக் காப்பகத்திடம் ஆளும் பணமும் இல்லையென்றால் ஒப்பந்தம் வெறும் காகிதம்தான். மறுபுறம், நிபந்தனைகள் அளவுக்கு மீறி இறுகினால் நல்ல குடும்பங்களும் திருப்பி அனுப்பப்படும். அவர்கள் அதே தீவனக் கடைக்குப் போய்க் குஞ்சு வாங்குவார்கள். 2022 முதல் அமெரிக்காவில் பரவிவரும் பறவைக் காய்ச்சலால், புதுப் பறவையைத் தனிமைப்படுத்திக் கவனித்த பிறகே மந்தையில் சேர்க்க வேண்டிய பொறுப்பும் கூடியிருக்கிறது.

ஆகவே எத்தனை பறவைகள் போயின என்ற கணக்கு இந்த முறையின் வெற்றியைச் சொல்லாது. ஐந்து ஆண்டு கழித்து எத்தனை நலமாக இருக்கின்றன என்பதே சரியான அளவுகோல். அதற்குக் காப்பகம் இரண்டு உறுதி தர வேண்டும்: இணையை ஒருபோதும் பிரிக்க மாட்டோம்; வளர்ப்பவருக்கு முடியாமல் போனால் பறவையைக் கேள்வி கேட்காமல் திரும்பப் பெற்றுக்கொள்வோம். இந்த வாசல் திறந்திருந்தால், கைவிட நேர்பவர் குளத்தைத் தேடமாட்டார். கூடவே, குஞ்சு விற்பனையைக் கட்டுப்படுத்தவும் குரல் கொடுக்க வேண்டும். விற்பனை இப்படியே தொடரும்வரை, எத்தனை வீடுகள் கிடைத்தாலும் காப்பகங்களுக்குப் போதாது.