அந்த எண்ணில் கணக்கு எவ்வளவு, ஊகம் எவ்வளவு?

2024 டிசம்பர் 12. சிங்கப்பூரில் குகேஷுக்கும் டிங் லிரெனுக்கும் இடையிலான உலக செஸ் சாம்பியன்ஷிப்பின் பதினான்காவது ஆட்டம் டிராவை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. குகேஷிடம் ஒரு சிப்பாய் கூடுதல். ஆனால் இருவரிடமும் ஆளுக்கொரு யானையும் பிஷப்பும் இருந்தன. சிப்பாய்கள் எல்லாம் பலகையின் ஒரே பக்கத்தில். எஞ்சின்கள் சமநிலை என்றே காட்டின. அது சரியும்கூட. 55-ஆவது நகர்த்தலில் டிங் லிரென் யானையை எஃப்-2 கட்டத்தில் வைத்து, யானைகளை மாற்றிக்கொள்ள வழிவிட்டார். யானைகள் போயின. ஏ-8 மூலையில் கிடந்த அவருடைய பிஷப்பும் தப்ப இடமில்லாமல் குகேஷின் பிஷப்போடு மாற்றிக்கொள்ள வேண்டியதாயிற்று. 58-ஆவது நகர்த்தலில் டிங் தோல்வியை ஒப்புக்கொண்டார்.

எஞ்சின் எங்கேயும் தவறவில்லை. யானை எஃப்-2-க்குப் போகும்வரை சமநிலை, போனபின் தோல்வி. இரண்டையும் அது உடனுக்குடன் சொன்னது. ஆனால் மணிக்கணக்கில் உட்கார்ந்து களைத்துப்போன ஒருவர் அந்தச் சமநிலையைக் காப்பாற்ற என்ன பாடு படவேண்டும் என்பது அது காட்டிய பூஜ்யத்தில் இல்லை. குகேஷ் டிராவோடு திருப்திப்படாமல் ஆடிக்கொண்டே இருந்ததற்குக் காரணம், எண்ணில் இல்லாத அந்தப் பாடுதான்.

செஸ் எஞ்சின் தரும் எண்ணை நாம் தீர்ப்பாக வாசிக்கப் பழகிவிட்டோம். உண்மையில் அது ஒரு கலவை. தேடிப் பார்த்துக் கண்ட கணக்கு ஒரு பங்கு. தேடல் எங்கே நின்றதோ அங்கே போட்ட ஊகம் இன்னொரு பங்கு. எளிய நிலைகளில் இந்தக் கலவை யாரையும் ஏமாற்றுவதில்லை. சிக்கலான நிலைகளில்தான் எது எவ்வளவு என்று தெரிந்தாக வேண்டும், அங்கேதான் அந்த ஒற்றை எண் வாயை மூடிக்கொள்கிறது.

இந்தக் கலவைக்கு வயது அதிகம். 1950-இல் வெளியான கட்டுரையிலேயே கிளாட் ஷானன் இதன் அமைப்பை வரைந்துவிட்டார். ராணிக்கு 9, யானைக்கு 5, பிஷப்புக்கும் குதிரைக்கும் 3, சிப்பாய்க்கு 1 என்று மதிப்பு போடு. பலவீனமான சிப்பாய்களுக்குக் கொஞ்சம் கழி, காய்களின் நடமாட்டத்துக்குக் கொஞ்சம் கூட்டு. சராசரியாக ஒரு நிலையில் ஏறக்குறைய முப்பது நகர்த்தல்கள் சாத்தியம் என்பதால், எல்லாவற்றையும் குறைந்த ஆழத்துக்குத் தேடலாம், அல்லது சிலவற்றை மட்டும் பொறுக்கி ஆழமாகத் தேடலாம் என்றார். பின்னர் வந்தவர்கள் இரண்டையும் கலந்தார்கள்.

இங்கே முக்கியமான ஒரு வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். ஆல்ஃபா-பீட்டா என்ற வெட்டுமுறை நேர்மையானது. ஒரு நகர்த்தலை முறியடிக்க எதிராளிக்கு ஒரு வழி இருப்பது தெரிந்துவிட்டால், இன்னும் எத்தனை வழி உண்டு என்று தேட வேண்டியதில்லை. இதனால் விடை மாறாது. ஆனால் இன்றைய ஸ்டாக்ஃபிஷ் போன்ற எஞ்சின்கள் அதோடு நிற்பதில்லை. பட்டியலில் பின்னால் வரும் நகர்த்தல்கள் பெரும்பாலும் உதவாதவை என்ற அனுபவத்தை நம்பி அவற்றைக் குறைந்த ஆழத்துக்கே பார்க்கின்றன. ஒரு முறை நகர்த்தாமல் விட்டுக்கொடுத்தாலும் நம் நிலை நன்றாகவே இருக்கிறது என்றால், அந்தக் கிளையை மேற்கொண்டு தேடாமல் வெட்டிவிடுகின்றன. நகர்த்தியே ஆகவேண்டும் என்பதே சாபமாகும் இறுதியாட்ட நிலைகளில் இந்தக் குறுக்குவழி சறுக்கும். அதற்கென்று தனிக் காப்பும் எழுதி வைத்திருக்கிறார்கள். இவை பந்தயம் கட்டுவதற்குச் சமம். பெரும்பாலும் ஜெயிக்கும் பந்தயங்கள்தான், சந்தேகமில்லை. என்றாலும் திரையில் 'ஆழம் 40' என்று வந்தால், நாற்பது அரைநகர்த்தல்கள் வரை எல்லாவற்றையும் பார்த்தாகிவிட்டது என்று யாரும் எண்ணிவிடக் கூடாது.

பந்தயம் தோற்கும் இடத்துக்கு 1998 லினாரஸ் போட்டியின் டோபலோவ்–ஷிரோவ் ஆட்டத்தைவிட நல்ல சான்று கிடைப்பது அரிது. இருவருக்கும் வெவ்வேறு நிறக் கட்டங்களில் பிஷப்கள். டிரா ஆவதற்குப் பேர்போன வகை. கறுப்புக் காய்களோடு ஆடிய ஷிரோவ் 47-ஆவது நகர்த்தலில் தன் பிஷப்பை எச்-3-இல் கொண்டுபோய் வைத்தார். அதை வெள்ளையின் சிப்பாய் சும்மா எடுத்துக்கொள்ளலாம், எடுத்தது. அந்த ஒரு நகர்த்தலுக்குள் கறுப்பு ராஜா நடுவே நுழைந்துவிட்டது. வெள்ளை ராஜா ஓர் அடி பிந்திப்போனது. அன்றைய கம்ப்யூட்டர்களுக்கு இது தென்படவில்லை. காரணம் வேகக் குறைவு மட்டுமல்ல. காயைச் சும்மா கொடுக்கும் நகர்த்தல் பட்டியலின் அடியில் கிடக்கும், அதற்குக் கிடைக்கும் தேடலும் அரைகுறை. இன்றைய எஞ்சின்கள் நேரம் கொடுத்தால் கண்டுபிடிக்கின்றன. பந்தயத்தின் இயல்பு மாறவில்லை, பணம் மட்டும் பெருகியிருக்கிறது.

இன்னொரு பழைய நோய்க்கு ஹான்ஸ் பெர்லினர் 1970-களில் தொடுவான விளைவு என்று பெயரிட்டார். தோல்வி நிச்சயம் என்று தெரிந்ததும், அது தேடலின் எல்லைக்கு அப்பால் போகும்படி எஞ்சின் சிப்பாய்களை ஒவ்வொன்றாகத் தியாகம் செய்யும், கடன்காரன் முகத்தில் விழிக்காமல் இருக்க மீட்டர் வட்டிக்கு மேல் கடன் வாங்குகிறவரைப் போல. காய் வெட்டும் சண்டையின் நடுவே கணக்கை நிறுத்தாமல், பலகை அடங்கும்வரை தேடும் முறையால் இது பெருமளவு குறைந்தது. முழுதாகப் போகவில்லை.

எதிராளிக்கு எவ்வளவு காய் இருந்தாலும் உடைக்க முடியாத கோட்டை நிலைகளில் இதன் மறுபக்கம் தெரியும். 2017-இல் பென்ரோஸ் நிறுவனம் ஒரு புதிரை வெளியிட்டது. வெள்ளைக்கு ராஜாவும் நான்கு சிப்பாய்களும் மட்டும். கறுப்புக்கு ராணி, இரண்டு யானைகள், ஒரே நிறக் கட்டங்களில் ஓடும் மூன்று பிஷப்கள், போதாததற்கு ஐந்து சிப்பாய்கள். எஞ்சின்கள் கறுப்புக்குப் பெருவெற்றி என்றன. ஆனால் ராணியும் யானைகளும் சிப்பாய்களுக்குப் பின்னே அடைபட்டுக் கிடக்கின்றன. பிஷப்கள் கறுப்புக் கட்டங்களைத் தாண்ட முடியாதவை. வெள்ளை ராஜா வெளிர் கட்டங்களிலேயே உலவிக்கொண்டிருந்தால் ஆட்டம் டிரா. செஸ் பழகிய ஒருவர் நிதானமாகப் பார்த்தால் புரிந்துகொள்ளக் கூடியது இது. இதை வைத்து மனித மூளையைப் பற்றிப் பெரிய தத்துவங்கள் பேசப்பட்டன. அவ்வளவு தூரம் போகத் தேவையில்லை என்பது என் கருத்து. ஐம்பது நகர்த்தல் விதி வந்து டிரா ஆகும் இடம் தேடலின் எல்லைக்கு அப்பால் இருக்கிறது, எல்லைக்குள் காய் எண்ணிக்கைதான் பேசுகிறது. அவ்வளவே. அனுபவமுள்ள ஆட்டக்காரர்கள் இதற்கு ஓர் அடையாளம் வைத்திருக்கிறார்கள்: ஆழம் கூடக் கூட எண் ஏறவேண்டும்; ஏறாமல் ஒரே இடத்தில் நின்றால் சந்தேகப்படு.

ஊகத்தின் தரத்தை உயர்த்தியது நரம்பு வலை. 1997-இல் காஸ்பரோவை வென்ற டீப் ப்ளூ நொடிக்கு 20 கோடி நிலைகளைப் பார்த்தது. 2017-இல் வந்த ஆல்ஃபாஸீரோ நொடிக்கு 80,000 நிலைகளையே பார்த்து, ஏறக்குறைய 7 கோடி பார்த்த ஸ்டாக்ஃபிஷை நூறு ஆட்டங்களில் 28 வெற்றி, 72 டிரா என்று வீழ்த்தியது. போட்டி நிபந்தனைகள் பற்றி எழுந்த முணுமுணுப்பில் நியாயம் இருந்தது. ஆனாலும் முடிவின் திசையில் யாருக்கும் ஐயமில்லை. சிப்பாய்களைக் கொடுத்து, எதிராளியின் காய்களை மூச்சுமுட்ட வைத்து, அதைப் பொறுமையாக வெற்றியாக்கும் அதன் ஆட்டத்தைக் கண்டு கிராண்ட்மாஸ்டர்களே பாடம் படித்தார்கள். ஷோகி ஆட்டத்துக்காக யு நாசு உருவாக்கிய சிறு நரம்பு வலை முறையை 2020-இல் ஸ்டாக்ஃபிஷும் ஏற்றுக்கொண்டது. 2024-இல் வந்த 16.1 பதிப்பில், மனிதர்கள் கையால் எழுதிய பழைய மதிப்பீட்டு விதிகள் முற்றிலும் நீங்கின.

லாபம் கண்கூடு. நஷ்டத்தைப் பற்றித்தான் குறைவாகப் பேசுகிறோம். பழைய விதிகளைப் பிரித்துப் படிக்கலாம்: திறந்த வரிசையில் யானைக்கு இத்தனை, ராஜாவின் பாதுகாப்புக்கு இத்தனை என்று இருக்கும். வலையிடம் காரணம் கேட்க முடியாது. அதோடு, எந்த நகர்த்தல்கள் பார்க்கத் தக்கவை என்பதையும் வலையே சொல்லும் ஆல்ஃபாஸீரோ, லீலா வகை எஞ்சின்களில் ஷிரோவின் பிஷப் வேறு வழியாகத் திரும்பி வருகிறது. அபத்தமாகத் தெரியும் நகர்த்தலுக்கு வலை குறைந்த வாய்ப்பளித்தால், தேடல் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவே தாமதமாகும். ஒரே ஒரு கூரிய வழி உள்ள சண்டைகளில் லீலா தடுமாறுவது இதனால்தான்.

ஊகமே இல்லாத ஒரு மூலையும் உண்டு. ராஜாக்களையும் சேர்த்து ஏழு காய்கள் மட்டும் மிஞ்சிய நிலைகள் முழுதாகக் கணக்கிடப்பட்டு அட்டவணையாகிவிட்டன. 500-க்கும் மேற்பட்ட நகர்த்தல்களில் செக்மேட் ஆகும் நிலைகள் அவற்றில் உள்ளன. அங்கே எண் என்பது முழு உண்மை. ஆனால் அந்த நகர்த்தல்கள் ஏன் என்று எந்தச் சாம்பியனாலும் சொல்ல முடியாது. கணக்கு மட்டுமே ஆனாலும் மனிதருக்குப் பயன் கூடிவிடுவதில்லை.

2018 நவம்பரில் லண்டனில் நடந்த உலக சாம்பியன்ஷிப்பில் கார்ல்சனுக்கு எதிராகக் கறுப்பில் ஆடிய கருவானாவுக்கு நடந்தது இதற்குச் சாட்சி. ஆறாவது ஆட்டத்தின் 68-ஆவது நகர்த்தலில் பிஷப்பை எச்-4-இல் வைத்து, பிறகு குதிரையை ஜி-1-இல் தானே அடைத்துக்கொண்டால் கட்டாய வெற்றி என்று நார்வேயின் செஸ்ஸே கம்ப்யூட்டர் அறிவித்தது. வெற்றி முப்பது நகர்த்தல்களுக்கும் அப்பால். கருவானா அதை ஆடவில்லை, ஆட்டம் டிரா. ஆடியிருந்தால் எஞ்சின் உதவி இருக்குமோ என்று அவரைச் சோதனையிட வேண்டும் என்றுதான் மற்ற ஆட்டக்காரர்கள் நினைத்திருப்பார்கள். அவர் 'தவறவிட்டார்' என்று எழுதுவது எனக்கு அநியாயமாகப் படுகிறது.

2022 இறுதியில் வந்த ஸ்டாக்ஃபிஷ் 15.1 தன் எண்ணுக்குப் புதிய பொருள் கொடுத்தது: +1 என்றால் வெல்லும் வாய்ப்பு ஐம்பது சதவீதம். நல்ல மாற்றம், ஒரு சிப்பாய் கூடுதல் என்ற பழைய கற்பனையைவிட நேர்மையானது. ஆனால் அந்த வாய்ப்பு, ஸ்டாக்ஃபிஷ் தன்னோடு தானே ஆடும்போது கண்டது. திரைக்கு முன் இருப்பவர் ஸ்டாக்ஃபிஷ் அல்லவே.

குகேஷ் கிராண்ட்மாஸ்டர் தரத்தை எட்டும்வரை அவருடைய அன்றைய பயிற்சியாளர் விஷ்ணு பிரசன்னா எஞ்சினை நாடாமல் பயிற்சி அளித்தது பலரும் அறிந்த செய்தி. அதை எல்லோருக்கும் மருந்தாகச் சொல்வதற்கில்லை. எஞ்சினோடு வளர்ந்து உச்சிக்கு வந்தவர்களும் உண்டு. ஆனால் எண்ணைப் பார்க்காமல் ஒரு நிலையை எடைபோட்டுப் பழகியவருக்கு, 'இது டிரா' என்பதும் 'இதைக் காப்பது எதிராளிக்குக் கஷ்டம்' என்பதும் இரண்டு வேறு தகவல்கள். எஞ்சின்கள் இன்று வெற்றி, டிரா, தோல்வி வாய்ப்புகளை மூன்றாகப் பிரித்தே தருகின்றன; இரண்டாவது, மூன்றாவது சிறந்த நகர்த்தல்களையும் கேட்டால் காட்டும். சிறந்ததற்கும் அடுத்ததற்கும் இடையே பாதாளம் இருந்தால் அந்தச் சமநிலை கயிற்றின் மேல் நிற்கிறது என்று பொருள். இவ்வளவும் கையில் இருந்தும், நேரலைகள் பெரும்பாலும் காட்டுவது மேலும் கீழும் ஆடும் ஒரு பட்டையை மட்டும்தான்.